நாலாவது பாட்டு

நாவலில் அவள் பேசுவதே இல்லை.
முந்நூற்றுச் சொச்சம் பக்கத்திலும்
ஐஸ் பேக்டரியில் கணக்கெழுதும் செங்கமலம்
பென்சில் சீவுகிறாள், கூட்டுகிறாள், கழிக்கிறாள்,
சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள்.

இதைப் பாட்டு நாடகமாகப் போடலாம் என்றான்
மீன்வளத்துறை கிளார்க் திருவேங்கடம்.
வாயே திறக்காதவள் பாடினால்
மஞ்சக்குப்பம் எழுந்து நிற்கும் என்றான்.
லைப்ரரிப் பிரதியை ஜெராக்ஸ் எடுத்தோம், பக்கம் நாற்பது காசு.
நான் ஞாயிறு பூசைக்குக் கீபோர்டு வாசிக்கிறவன்.
ஏழு பாட்டு போட்டேன்.
ஏழும் அவளுக்கே.

தடைக்காலம். முதுநகர்த் துறைமுகத்தில்
படகுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கிடந்தன.
மீன் இல்லாததால் ஐஸ் வேண்டாம்,
ஐஸ் வேண்டாததால் பேக்டரி எங்களுக்கு.
அமோனியா குழாயில் சட்டையைத் தொங்கவிடாதீர்கள்,
அதைத் தவிர மரைக்காயர் ஒன்றும் சொல்லவில்லை.

பின்பாட்டுக்குச் சோனங்குப்பத்திலிருந்து எட்டுப் பேர்.
அலைக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை,
மைக்கே வேண்டியிருக்கவில்லை.
"ஐஸ் கணக்கு எழுதுறவ இவ்ளோ பாடுனா
கட்டி கரைஞ்சி போவும்ணே" என்றார்கள்.
சிரித்தோம்.
சிரித்த வாரத்திலேயே மூன்று பாட்டு போயிற்று.

டவுன்ஹாலில் முதல் நாள்
மூன்றே முக்கால் மணி நேரம் ஓடியது.
நெல்லிக்குப்பம் கடைசி பஸ் ஒன்பது நாற்பதுக்கு.
செங்கமலம் நாலாவது பாட்டில்
ஒரு சங்கதியைப் பிடிக்கப் போனபோது
சபை எழுந்து நின்றது.
திருவேங்கடம் சொன்னபடியே, செருப்பைத் தேடிக்கொண்டு.
அன்றிரவே அதையும் வெட்டினோம்.
அது நன்றாக இருந்த பாட்டு. சொல்லிவிடுகிறேன்.

பெனிட்டாவுக்குக் காரைக்கால் பேங்கில் வேலை வந்தது.
அவளுடைய மேல் சட்ஜத்துக்காகப் போட்ட ஐந்தாவது
அவளோடு பஸ் ஏறியது.

புயலுக்குத் தானே என்று பெயர் வைத்திருந்தார்கள்.
தானே வந்தது, தானே கூரைத் தகரத்தை உரித்தது,
என் கீபோர்டில் மூன்று கட்டையை ஊமையாக்கியது.
அந்த மூன்றும் இல்லாமல்
ஆறாவது பாட்டு என்பது ஒன்றும் இல்லை.

பிறகு பரங்கிப்பேட்டை ஹமீதா பானு வந்தாள்,
மெடிக்கல் ஷாப்பில் பில் போடுகிறவள்.
ஏழாவதைக் கேட்டுவிட்டு
"இவ எதுக்குண்ணே பாடணும்?" என்றாள்.
நெய்வேலியில் அந்த இடத்தில்
மைக்குக்குப் பக்கத்தில் பென்சில் சீவினாள்.
அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தை
நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

அப்புறம் நான் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன்,
பதினோராவது காட்சி வரைக்கும்.
விளம்பரத்தில் மட்டும் 'இசை' என்று என் பெயர்.

அந்தப் பதினோராவதுக்கு
முத்தியால்பேட்டையிலிருந்து குடையோடு வந்தார்
நாவல் எழுதிய மங்கையர்க்கரசி.
டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம்
ஊர் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த காது.
கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.
முடிந்ததும் ஒன்றுதான் கேட்டார்:
"இருநூற்றுப் பதினொண்ணாம் பக்கத்தை ஏன் விட்டுட்டீங்க?"

எங்கள் ஜெராக்ஸில் இருநூற்று ஒன்பது இருந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டு இருந்தது.
கடைப் பையன் ஒரு தாளைச் சேர்த்துப் புரட்டியிருக்கிறான்.
பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் காட்டினார்.
ஐஸ் உடைக்கும் மெஷின் ஓடும்போது,
யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில்,
செங்கமலம் ஒரே ஒரு முறை முனகுகிறாள்.
அரை வரி.

திருவேங்கடம் என்னைப் பார்க்கவில்லை.

பண்ருட்டியில் பன்னிரண்டாவது.
நிஜ மெஷினையே லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம்.
அது உறுமத் தொடங்கியதும்
ஹமீதாவின் தொண்டை அசைவதைப் பார்த்தேன்.
முதல் வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது.
எனக்கும் கேட்கவில்லை.

மேடைக்குப் பின்னால்
என்ன முனகினே என்று கேட்டேன்.
"ஒங்களதுதாண்ணே, அந்த நாலாவது" என்று சொல்லிவிட்டு
முகத்துப் பவுடரைத் துடைத்துக்கொண்டாள்.

நாலாவதை அவள் வருவதற்கு
எட்டு மாதம் முன்பே வெட்டியாயிற்று.